காணாத பொருளும் கொடுத்த பணமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கைப்பேசி வழியே பொருள் வாங்காத இல்லம் நம் காலனியில் ஒன்றேனும் உண்டா என்பது ஐயமே. படத்தைக் காண்கின்றோம், பணத்தைச் செலுத்துகின்றோம். சில நாளில் பொதி வாயிலுக்கு வந்து சேருகின்றது. தையல் பிரிந்த புடவை வந்ததென்றும், திருப்பி எடுப்பதற்கில்லை என்று கையை விரித்துவிட்டனர் என்றும் தாய்மார்கள் முறையிடக் கேட்கின்றோம். காணாத பொருளுக்குப் பணம் கொடுத்தவருக்கு என்ன உரிமை உண்டு? இவ்வினா நமக்குப் புதிதாகத் தோன்றலாம். இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் 1,200 ஆண்டுகளுக்கு முன்னரே இதனை எடுத்து ஆராய்ந்துள்ளனர்.

மதீனா நகரின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றான் வணிகன். அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவி, ஏமாற்றுபவன் தம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்று அவர்கள் உரைத்ததாக நபிமொழி கூறுகின்றது. மழை பெய்தது வணிகனின் குற்றமன்று, மறைத்ததே குற்றம். வாங்க வந்தவன் ஏன் கையை விட்டுப் பார்க்கவில்லை என்று அவர்கள் கேட்கவில்லை என்பதை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ஆங்கிலேயர் சட்டமோ, வாங்குபவனே விழிப்பாயிரு என்று தொடங்கும். நம் நாட்டின் 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவும் அவ்வாறே தொடங்கிப் பின்னர் விலக்குகளைக் கூறுகின்றது.

ஆட்டையோ ஒட்டகத்தையோ சில நாள் கறவாமல் விட்டு, மடி பெருத்துத் தோன்றச் செய்து விற்கும் வழக்கம் அரபு நாட்டில் இருந்தது. அப்படி வாங்கியவன் மூன்று நாளுக்குள் திருப்பித் தரலாம், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு படி அளவு பேரீச்சம்பழம் தரவேண்டும் என்று மற்றொரு நபிமொழி உண்டு. இருதரப்புக்கும் நியாயம் எவ்வளவு நுட்பமாக நிறுக்கப்பட்டிருக்கின்றது! இன்று நாம் திரையில் காணும் படங்கள் பலவும் கறவாது விட்ட மடிகளே.

காணாமலே வாங்கிய பொருளைப் பற்றி அறிஞர்கள் ஒருமுகமாகச் சொல்லவில்லை. ஷாபிஈ வழியினர் அத்தகைய விற்பனையே செல்லாது என்பர். விலையை முன்னரே பெற்று, தன்மை, அளவு, தவணை யாவும் வரையறுத்து விற்பதை மட்டும் தனியே அனுமதிப்பர். ஹனபி வழியினர் விற்பனை செல்லும் என்பர். ஆனால் பொருளைக் கண்டவுடன், அதில் பழுதே இல்லாவிடினும், வேண்டாமென்று மறுக்கும் உரிமை வாங்கியவனுக்கு உண்டு. (நம் தமிழகத்து மரைக்காயர்கள் பெரும்பாலும் முன்னதையும், இராவுத்தர்கள் பின்னதையும் சார்ந்தவர்கள்.) உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’ என்னும் சட்டத்திலும் இந்தக் கண்டபின் மறுக்கும் உரிமை இடம்பெற்றது. பொருளைப் பயன்படுத்திவிட்டால் அவ்வுரிமை போய்விடும். திருமணத்திற்கு உடுத்திக்கொண்டு மறுநாள் புடவையைத் திருப்பி அனுப்புவோர் இதனை அறிதல் நலம்.

வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுவதற்கு ‘நஜ்ஷ்’ என்று பெயர், அது விலக்கப்பட்டது. விற்பவரே வாங்கியவர் போல நடித்து எழுதும் புகழுரைகள் அதன் உடன்பிறப்புகள் என்போம்.

நம் ரயில்வேயின் சரக்கு இரசீதுகளில், பொதியில் இன்னது ‘இருப்பதாகச் சொல்லப்படுகிறது’ என்றொரு குறிப்பு உண்டு. அனுப்பியவர் சொன்னதை எழுதினோம், எண்ணிப் பார்க்கவில்லை என்பது அதன் பொருள். இணைய அங்காடிகளும் தாம் இடையில் நிற்பவர் என்றே வாதாடுகின்றன. ஆனால் ரயில்வே படம் காட்டி ஆசையூட்டுவதில்லையே! இதுவே சிறந்தது என்று ஒரு மூட்டையை முன்னே நகர்த்தி வைப்பதும் இல்லை.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் நமக்குக் கைகொடுக்கின்றன. பழுதுற்ற பொருளையும், விளம்பரத்திற்கு மாறான பொருளையும் திரும்பப் பெற விற்பவர் மறுக்கலாகாது. வாங்கியவராக வேடமிட்டு மதிப்புரை எழுதலாகாது. முறையீட்டை அங்காடி 48 மணி நேரத்திற்குள் ஏற்று, ஒரு மாதத்திற்குள் தீர்த்தல் வேண்டும். எனினும், கண்டபின் பிடிக்கவில்லை என்று மறுக்கும் உரிமையை அவை தரவில்லை; அது விற்பவர் விதித்துக்கொண்ட நிபந்தனையைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ இணையத்தில் வாங்கும் பெரும்பாலான பொருள்களுக்கு 14 நாள் அவகாசம் சட்டமாகவே உள்ளது. கண்ணுக்குரிய உரிமையை நம் சட்டமும் வழங்குதல் வேண்டும் என்பது நம் கருத்து.

அதுவரை, உள்ள உரிமையையேனும் விடாதிருப்போம். 1915 என்னும் எண்ணில் முறையிடலாம். தீராவிடில், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் ஊரிலோ பணிபுரியும் ஊரிலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய் வரையாயின் கட்டணமும் இல்லை. சொந்த ஊருக்கோ, அங்காடியின் தலைமையகம் உள்ள நகருக்கோ விடுப்பெடுத்து அலைய வேண்டியதில்லை. பொதியைப் பிரிக்கும்போதே படம் பிடித்து, இரசீதையும் பத்திரப்படுத்தி வைக்குமாறு தாய்மார்களை வேண்டிக்கொள்கின்றோம்.