காணிக்கு ஆள் தெரிபவர் யார்?



1957 ஒக்டோபரில் பிரிட்டிஷார் திருக்கோணமலைக் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துச் சென்றனர். தளத்தில் உழைத்தோர் வேலை இழந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 400 தமிழ்த் தொழிலாளரை வடமத்திய மாகாணத்தில் காணி கொடுத்துக் குடியேற்ற அரசாங்கம் எண்ணிற்று. அங்கே எதிர்ப்புக் கிளம்பிற்று, கும்பல்கள் திரண்டன, 1958 மே மாதத்தில் நாடே பற்றி எரிந்தது.

அக்காலத்திலேதான் கந்தளாயிலும் அல்லையிலும் வெளிமாவட்டக் குடும்பங்கள் அரசாங்கச் செலவில் குடியமர்த்தப்பட்டன. வந்த ஏழை உழவன்மீது எமக்குப் பகை இல்லை. அவனும் அநுமதிப்பத்திரக்காரனே, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டப்படி, அக்காணியைத் தன் விருப்பம்போல் விற்கவும் அவனால் இயலாது. ஆளைத் தெரிவு செய்பவர் யார் என்பதே எமது வழக்கு!

அவ்வதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு அளிக்க 1957 ஜூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் உடன்பட்டனர். 1958 ஏப்ரலில் அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது. 1965இல் டட்லி சேனாநாயக்கா, வடக்குக் கிழக்கில் அவ்வம்மாவட்டக் காணியற்றோர்க்கே முதலிடம் என ஒப்பமிட்டார். அவ்வொப்பந்தம் கூறிய மாவட்ட சபைகளுக்கான மசோதா 1968இல் கைவிடப்பட்டது.

துறைமுகத் தொழிலாளி தன் விண்ணப்பத்தை எந்தச் சபையின் முன் வைப்பான்? அன்று அப்படியொரு சபையே அமைக்கப்படவில்லையே!