‘சக்ஸீட்’: வெல்வதா, தொடர்வதா?

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



இன்று ஒரே ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ‘சக்ஸீட்’ என்றால் என்ன என்று கேட்டால், ‘வெற்றி பெறு’ என்று பிள்ளைகள் உடனே சொல்வார்கள். சரிதான். ஆனால் ‘சாஸ்திரி சக்ஸீடட் நேரு இன் 1964’ என்று ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டேன். ‘1964-இல் சாஸ்திரி நேருவை வென்றார்’ என்றாள் ஒரு மாணவி. நேரு மறைந்த பிறகு சாஸ்திரி பிரதமரானார் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்த வரலாற்றையே ஒரு சொல் மாற்றிச் சொல்ல வைத்துவிட்டது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று மனப்பாடம் செய்வதால் வரும் இடர்ப்பாடு இது.

இச்சொல் லத்தீனிலிருந்து வந்தது. ‘பின்னால் வருதல்’ என்பதே அதன் பழைய பொருள். ‘சக்ஸஸ்’ என்ற பெயர்ச்சொல்லும் 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஒரு செயலைத் தொடர்ந்து வரும் விளைவைக் குறித்தது. விளைவு நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம் அல்லவா? அதனால் நல்ல சக்ஸஸ், கெட்ட சக்ஸஸ் என்று அடைமொழி சேர்த்து எழுதினார்கள். காலப்போக்கில் அது நல்ல விளைவுக்கு மட்டும் உரியதாகி, ‘வெற்றி’ ஆயிற்று. வினைச்சொல்லில் இரண்டு பொருளும் இன்றுவரை நிலைத்திருக்கின்றன.

எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று மாணவர் எப்படி அறிவது? வினைக்குப் பின்னால் வருவதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

‘இன்’ வந்து, அதன்பின் செயல் வந்தால் வெற்றி. ‘ஷி சக்ஸீடட் இன் சால்விங் த சம்’ என்றால், அவள் கணக்கைப் போட்டு முடித்துவிட்டாள். இங்கே ‘டு சால்வ்’ என்று எழுதக்கூடாது. ‘மேனேஜ்’, ‘ஃபெயில்’ ஆகியவற்றின் பின் ‘டு சால்வ்’ வருவதால், மாணவர்கள் இதற்கும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். பின்னால் எதுவும் வராமல் ‘த பிளான் சக்ஸீடட்’ என்று முடிந்தாலும் பெரும்பாலும் வெற்றிதான்.

முன்னிடைச்சொல் இல்லாமல் நேரே ஓர் ஆள் வந்தால் தொடர்ச்சி. ‘சார்லஸ் சக்ஸீடட் எலிசபெத் இன் 2022’ என்றால், தாய்க்குப் பின் மகன் அரசரானார். அங்கே போட்டியும் இல்லை, தோல்வியும் இல்லை. இந்த வாக்கியத்திலும் ‘இன்’ இருக்கிறது. ஆனால் அது ஆண்டைச் சேர்ந்தது, வினையைச் சேர்ந்ததன்று. இதை மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டுங்கள்.

‘டு’ வந்து, அதன்பின் அரியணையோ பட்டமோ வந்தால், முந்தையவருக்குப் பின் உரிமையாகப் பெறுதல்.

இதன் உறவுச் சொற்களையும் இரண்டு வரிசையாகப் பிரித்துக் காட்டலாம். ‘சக்ஸஸ்’, ‘சக்ஸஸ்ஃபுல்’ வெற்றி வரிசை. ‘சக்ஸஷன்’, ‘சக்ஸஸிவ்’, ‘சக்ஸஸர்’ தொடர்ச்சி வரிசை. ஓர் அணி மூன்று ‘சக்ஸஸிவ்’ ஆட்டங்களில் தோற்றது என்று செய்தி வந்தால் முரண்பாடு எதுவுமில்லை. அடுத்தடுத்துத் தோற்றது என்றுதான் பொருள்.

கணித ஆசிரியர்களும் இங்கே கைகொடுக்கலாம். 99-இன் தொடரி 100 என்று கற்பிக்கிறோம். ஆங்கிலவழி வகுப்பில் அந்தத் தொடரிதான் ‘சக்ஸஸர்’. 100 ஒன்றும் 99-ஐத் தோற்கடிக்கவில்லை. அதற்கு அடுத்து வருகிறது. ஆறாம் வகுப்பிலேயே பிள்ளைக்குத் தெரிந்த இந்தப் பொருளை ஆங்கில வகுப்பில் நினைவூட்டினால் போதும், பாதி வேலை முடிந்தது.

ஆகவே, அருஞ்சொற்பொருள் எழுதும்போது சொல்லுக்கு நேரே தமிழ்ச்சொல் ஒன்றை மட்டும் எழுதாமல், இரண்டு சிறு வாக்கியங்களையும் எழுத வையுங்கள். ஒன்று வெல்வதற்கு, மற்றொன்று தொடர்வதற்கு. கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் நாளிதழிலோ போட்டித் தேர்விலோ இச்சொல்லைத் தனியே சந்திக்கும்போது, நம் மாணவர் தடுமாறாமல் படித்துச் செல்வார்.