செல்போனில் வரும் கலவரம்: உழைப்பாளி மக்கள் செய்யவேண்டியது என்ன?

(துறையூரில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூலியைப் பற்றியும் வேலை நாட்களைப் பற்றியும் பேசுகிற மேடையில் இன்று செல்போனைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று யாரும் எண்ண வேண்டாம். முன்பெல்லாம் ஒரு தெருவைக் கொளுத்த வேண்டுமானால் ஆள் திரட்ட வேண்டும்; சாராயம் வாங்கிக் கொடுக்க வேண்டும்; லாரி பிடிக்க வேண்டும். இன்று அது எதுவும் தேவையில்லை. எங்கோ உட்கார்ந்துகொண்டு ஒருவன் "அந்த ஜாதிக்காரனை வெட்டு, இந்த ஊரை எரி" என்று பேசி அனுப்பினால் போதும். இரவு அனுப்பியது விடிவதற்குள் பத்து ஊருக்குப் பரவிவிடுகிறது. கொளுத்துகிறவன் ஒருவன்; வேகிறவர்கள் நாம்.

இது கற்பனை அல்ல. நம் பக்கத்திலேயே நடந்தது.

பொன்னமராவதியில் நடந்தது

2019 ஏப்ரல் 18-ம் தேதி பாராளுமன்றத் தேர்தலுக்கு நாம் வாக்களித்தோம். அந்தச் சமயத்தில் புதுக்கோட்டை ஜில்லா பொன்னமராவதி வட்டாரத்தில் ஓர் ஒலிப்பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றியது. முத்தரையர் சமூகப் பெண்களைக் காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தைகளால் இழிவுபடுத்திய பேச்சு அது. மக்கள் கொதித்தார்கள். பேசியவனைப் பிடி என்று போலீஸ் ஸ்டேஷனைச் சூழ்ந்தார்கள். மறுநாள் கல்வீச்சு, தடியடி; போலீஸ் வண்டிகள் நொறுங்கின; 144 தடை உத்தரவு வந்தது.

தாயையும் தங்கையையும் இழிவாகப் பேசினால் மனிதனுக்குக் கோபம் வராதா? வரத்தான் செய்யும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் முடிவு என்ன ஆயிற்று? சுமார் ஆயிரம் பேர் மீது வழக்கு என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஒலிப்பதிவு சம்பந்தமாகப் பிறகு சிலரைக் கைது செய்தார்கள். ஆனால் வழக்கு என்ற கத்தி முதலில் தொங்கியது இழிவுபடுத்தப்பட்ட மக்களின் தலைக்கு மேலேதான்! பேர் தெரியாத ஆயிரம் பேர் மீது வழக்கு என்றால் அந்த வட்டாரத்தில் எந்த ஏழை நிம்மதியாகப் படுத்துத் தூங்க முடியும்? யாரை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் இழுத்துப் போகலாம் அல்லவா?

இன்னொரு விஷயமும் யோசியுங்கள். அந்த அசிங்கத்தைப் பேசியவன் ஒரு தடவைதான் பேசினான். அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? ஆத்திரப்பட்ட நம் ஜனங்களேதான். "பார், நம்மை எப்படிப் பேசுகிறான்!" என்று ஒருவர் மற்றவருக்கு அனுப்பி அனுப்பி, எதிரியின் வேலையை நாமே கூலியில்லாமல் செய்து முடித்தோம்.

மிட்டாய் கொடுத்ததற்கு மரண தண்டனை

அதற்கு முந்தின வருஷம், 2018 மே மாதம். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி. கண்ணில் பட்டால் அடித்துக் கொல்லுங்கள் என்று பேச்சு. மே 9-ம் தேதி திருவண்ணாமலை ஜில்லா போளூர் பக்கத்தில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு உறவினர்களுடன் காரில் வந்த 65 வயது மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். கூட்டம் சேர்ந்து அடித்தே கொன்றுவிட்டது. அதே நாளில் பழவேற்காட்டில் மனநிலை சரியில்லாத ஒருவரை அடித்துப் பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

அந்த வருஷம் நாடெங்கும் சுற்றிய படம் ஒன்றின் கதையைக் கேளுங்கள். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் ஒரு குழந்தையைத் தூக்கிப் போகிறார்கள். இது பாகிஸ்தானின் கராச்சி நகரில், பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்ல எடுத்த விளம்பரப் படம். கடைசியில் அவர்களே குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்தக் கடைசித் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, நம் ஊரில் நடந்ததாக அனுப்பினார்கள்! துண்டு வெட்டியவன் மேல் ஒரு சிராய்ப்பும் இல்லை. அடித்துச் செத்தவர் ஒரு கிழவி. அடித்துவிட்டு ஜெயிலுக்குப் போனவர்கள் கிராமத்து ஜனங்கள்.

ஆலைத் தொழிலாளரைப் பிரிக்கும் சூழ்ச்சி

ஆலைத் தோழர்கள் 2023 மார்ச்சை மறந்திருக்க மாட்டீர்கள். பீகார் தொழிலாளரைத் தமிழர்கள் வெட்டிக் கொல்கிறார்கள் என்று இரண்டு படங்களைப் பரப்பினார்கள். அவை பொய் என்று அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு பகிரங்கமாக விளக்கினார். ஒன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளருக்குள்ளேயே நடந்த சண்டை. மற்றது, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. ஆனால் அதற்குள் பயந்துபோன எத்தனையோ பேர் ரயிலேறிவிட்டார்கள். பீகார் சர்க்கார் ஓர் அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பி நேரில் விசாரித்தது.

இதனால் லாபம் யாருக்கு? பக்கத்துத் தறியில் நிற்கிற வடநாட்டுத் தோழன் நம்மைக் கண்டு நடுங்கினால், நாளை போனஸுக்காக நம்மோடு கேட்டுக்கு வெளியே வந்து நிற்பானா? குறைந்த கூலிக்கு அவனை அமர்த்துகிற முதலாளி தப்பித்துக்கொள்கிறான். தமிழனும் பீகாரியும் ஒருவர் முகத்தை ஒருவர் முறைத்துப் பார்க்கிறார்கள்.

கம்பெனிகளின் லாபம்

ஜனங்கள் எவ்வளவுக்கெவ்வளவு கொதித்துப்போய்ப் பார்க்கிறார்களோ, அவ்வளவுக்கவ்வளவு இந்தக் கம்பெனிகளுக்கு விளம்பர வருமானம். 2018 மார்ச்சில் இலங்கையில் கண்டிக்கு அருகே திகன வட்டாரத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அந்தக் கலவரத்துக்குப் பேஸ்புக்கில் தூபம் போட்டார்கள். இலங்கை சர்க்கார் அவசர நிலை பிரகடனம் செய்து பேஸ்புக்கையே சில நாட்கள் நிறுத்தி வைத்தது. 2020-ல் அந்தக் கம்பெனி மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடை திரும்பி வந்ததா?

இங்கே 2018 ஜூலையில், ஊர் ஊராகக் கொலைகள் நடந்த பிறகுதான், ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது.

போலீஸ் என்ன செய்ய வேண்டும்?

2023-ல் போலீஸ் உடனே உண்மையைச் சொன்னது. பொய் பரப்பியவர்கள் மீது வழக்குப் போட்டது. வதந்தி அடங்கியது. இதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எப்போதும் இப்படியா? பக்கத்து நாமக்கல் ஜில்லாவைப் பாருங்கள். 2015 ஜூனில் கோகுல்ராஜ் என்ற தலித் வாலிபர் கொலையுண்டார். குற்றம் சாட்டப்பட்ட ஜாதிச் சங்கத் தலைவன் தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் பேசிப் பேசிப் போலீசுக்குச் சவால் விட்டான். அக்டோபரில் அவனாகச் சரணடையும் வரை பிடிக்க முடியவில்லை! 2022 மார்ச்சில் மதுரை கோர்ட்டு ஆயுள் தண்டனை விதித்தது. ஏழு வருஷம் விடாமல் நின்ற தாயின் உறுதிக்குக் கிடைத்த நியாயம் அது.

கூலிக்காரன் தனியாக ஸ்டேஷனுக்குப் போய் "என்னைக் கொல்வதாக மிரட்டுகிறார்கள்" என்றால், "போனை ஆப் பண்ணிட்டுப் போய்ப் படு" என்கிறார்கள். மறுபக்கம், 2012-ல் மகாராஷ்டிரத்துப் பால்கரில் ஒரு தலைவரின் மறைவுக்காக நடந்த கடையடைப்பைப் பேஸ்புக்கில் விமரிசித்த பெண்ணையும், அதற்கு விருப்பம் தெரிவித்த அவள் தோழியையும் கைது செய்தார்கள். அவர்கள் மீது பாய்ந்த 66-ஏ பிரிவைச் சுப்ரீம் கோர்ட்டு 2015 மார்ச் 24-ம் தேதி ரத்து செய்தது. விமரிசனம் வேறு, வெட்டுவேன் என்பது வேறு. முன்னதைக் காக்க வேண்டும். பின்னதைப் பிடிக்க வேண்டும்.

பிடிக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவின்படி கொலை மிரட்டலுக்கு ஏழு வருஷம் வரை சிறை. பெயரை மறைத்து மிரட்டினால் மேலும் இரண்டு வருஷம் வரை. ஜாதி, மதப் பகை மூட்டினால் 196-வது பிரிவு. கலவரம் மூட்டும் வதந்திக்கு 353-வது பிரிவு. தலித் மக்களையும் பச்சைமலையில் வாழும் பழங்குடி மக்களையும் காக்க வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. கும்பல் வன்முறையைத் தடுக்க ஒவ்வொரு ஜில்லாவிலும் எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியைப் பொறுப்பாக நியமிக்க வேண்டும் என்று 2018 ஜூலை 17-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. சட்டம் தூங்குகிறது, தட்டி எழுப்ப வேண்டியது நாம்.

நாம் செய்யவேண்டியவை

ஒன்று: மிரட்டலோ வசையோ வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். அழிக்கவும் அழிக்காதீர்கள். அதுதான் சாட்சி. வந்த நம்பர், தேதி, நேரம் எழுதி வையுங்கள்.

இரண்டு: தனியாகப் போகாதீர்கள். சங்கத்தோடு, பத்துப் பேராக, மனுவை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். எங்கள் எல்லை இல்லை என்று தட்டிக் கழிக்க முடியாது. எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தரவேண்டும். கேட்டு வாங்குங்கள். மறுத்தால் ஜில்லா எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள்.

மூன்று: ஊர்த்தெருவிலும் காலனியிலும் உள்ள உழைப்பாளிகள், ஆணும் பெண்ணுமாக, ஒரு கமிட்டியாகச் சேருங்கள். ஒரு சேதி வந்தால் அந்தத் தெரு ஆளை இந்தத் தெரு ஆள் நேரில் பார்த்து "இது உண்மையா?" என்று கேட்கட்டும். ஆலையில் வடநாட்டுத் தோழரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்று நடும்போதும் வெங்காயம் அறுக்கும்போதும் ஒரே வரப்பில் நிற்கிறவர்களுக்கு ஒருவரையொருவர் விசாரிக்க வாட்ஸ்அப் எதற்கு?

நான்கு: மிரட்டப்பட்டவரை அன்றிரவு தனியாக விடாதீர்கள். ஜாதி மாறிக் கல்யாணம் செய்த பிள்ளைகளானாலும் சரி, வெளியூர்க்காரர் ஆனாலும் சரி, அவர் வீட்டு வாசலில் நாலு பேர் உட்காருங்கள்.

தோழர்களே! ஆத்திரம் வருகிறபோது விரலை அடக்குவது கோழைத்தனம் ஆகாது. நம் வீட்டை நாமே எரிக்க மறுப்பதுதான் அது. இன்றிரவே உங்கள் தெருவில் பேசுங்கள். நாளைக்கே கமிட்டியை அமையுங்கள். அடுத்த பொய் வருமுன் நாம் ஒன்றுசேர்ந்து நிற்போம்!