மடியில் தொடங்கும் வாசிப்பு



பள்ளி திறந்ததும் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை வாங்குகிறோம், சீருடை தைக்கிறோம், டியூஷனுக்கு இடம் பார்க்கிறோம். அப்படியும் பிள்ளை புத்தகத்தைத் தொடுவதில்லை என்று வருந்துகிறோம். நம் கையில் ஒரு புத்தகத்தை அந்தப் பிள்ளை கடைசியாக எப்போது பார்த்தது?

குழந்தை இயேசுவின் புனித தெரேசா 1873-இல் பிரான்சில் பிறந்தவர். நான்கு வயதில் தாய் செலியை இழந்தார். தந்தை லூயி மார்ட்டின், கடிகாரத் தொழில் செய்தவர், ஐந்து பெண்பிள்ளைகளோடு லிசியே நகரில் குடியேறினார். அந்த வீட்டின் மாடியில் அவர் வாசிக்கவும் செபிக்கவும் ஒரு சிற்றறை இருந்தது. மாலையில் விளையாட்டு முடிந்ததும் மூத்த சகோதரியர் திருவழிபாட்டு ஆண்டு பற்றிய நூலிலிருந்து வாசிப்பார்கள். பிறகு வேறொரு நல்ல நூலிலிருந்து சில பக்கங்கள். அப்போது தாம் அப்பாவின் மடியில் இருந்ததாகத் தெரேசா எழுதியிருக்கிறார். வாசிப்பு முடிந்ததும் அப்பா பாடுவார். மனைவியை இழந்து ஐந்து பிள்ளைகளை வளர்த்த மனிதர். அவருக்குக் களைப்பு இல்லாமலா இருந்திருக்கும்?

தெரேசா தாமாகவே வாசித்த முதல் சொல் 'விண்ணகம்'. பிரெஞ்சு மொழியில் கர்த்தர் கற்பித்த செபத்தின் முதல் வரியிலேயே அச்சொல் வருகிறது. காது நாள்தோறும் கேட்டதைக் கண் அடையாளம் கண்டுகொண்டது.

நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் தேவை. நாம் பேசும் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. வீட்டில் "வந்துட்டாங்க" என்று கேட்டுப் பழகிய பிள்ளை, பாடநூலில் 'வந்துவிட்டார்கள்' என்பதை எழுத்துக் கூட்டிப் படிக்கிறது. எழுத்தெல்லாம் தெரிகிறது, சொல் பிடிபடவில்லை. யாரேனும் வாசிக்கக் கேட்டிருந்தால், பாதி எழுத்திலேயே மீதியை ஊகித்துவிடும். 'மந்தம்' என்று நாம் திட்டும் பிள்ளைகளில் சிலர், புத்தகத் தமிழைக் காதாலேயே கேட்டிராதவர்கள்.

"எனக்கே வாசிக்க வராதே" என்று ஓர் அம்மா மனம் கூசலாம். கூச வேண்டாம். படத்தைப் பார்த்துக் கதை சொல்லலாம். பிள்ளை வாசிக்க, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். திமொத்தேயு குழந்தைப் பருவம் முதலே மறைநூலை அறிந்தவர் என்கிறார் பவுல். அவருடைய பாட்டி லோயியையும் தாய் யூனிக்கியையும் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். அவர்கள் வாசித்துக் காட்டினார்களா, மனப்பாடமாகச் சொன்னார்களா என்று பவுல் சொல்லவில்லை. பிள்ளையின் காதில் விழுந்தது என்பது மட்டும் தெரிகிறது. (கைப்பேசியை இங்கே திட்டப்போவதில்லை. அந்தப் பதினைந்து நிமிடம் நாம் அதைக் கீழே வைத்தால் போதும்.)

இந்தச் சனிக்கிழமை இரவு, குடும்ப செபம் முடிந்ததும், மறுநாள் திருப்பலியின் நற்செய்தியைச் சத்தமாக வாசிப்போம். சின்னப் பிள்ளையை மடியில் வைத்து, வரியை விரலால் தொட்டுக்கொண்டு வாசிப்போம். தடுமாறினாலும் பரவாயில்லை. ஞாயிறன்று அதே வரிகளைக் கேட்டதும் பிள்ளை நம் சட்டையைப் பிடித்து இழுத்து, "நேத்து அப்பா படிச்சதுதானே?" என்று கேட்கும். அப்போது மட்டும் "உஷ்" என்று அடக்கிவிட வேண்டாம்.