கடையைப் பூட்டுவது வேறு, கணக்கை முடிப்பது வேறு



கூட்டு வியாபாரம் தொடங்குவது எப்படி என்று கேட்டு நிறையப் பேர் நிலையத்துக்கு வருகிறார்கள். அதை முறையாக மூடுவது எப்படி என்று கேட்டு வருபவர்கள் மிகக் குறைவு. கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற மாதிரி கடை திறக்க நாள் பார்க்கிறோம். மூடும்போது மட்டும் கதவைச் சாத்திவிட்டு, வாடகை வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறோம். அது போதாது. ஏன் போதாது என்பதை நம் குடும்பங்களின் கதையிலிருந்தே இன்று பார்ப்போம்.

நம்மில் பலருடைய வீட்டுப் பெரியவர்கள் பர்மாவில் இருந்து வந்தவர்கள். என் தந்தையார் இளமையில் த்வாண்டேயில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். இரங்கூனிலிருந்து ஆற்றைக் கடந்து தலா வழியாகப் போனால் வரும் ஊர் அது. இரங்கூன் ஆற்றையும் ஐராவதி டெல்டாவையும் இணைக்கிற த்வாண்டே கால்வாய் ஓரத்தில் இருக்கிறது. மண்பாண்டத்துக்குப் பேர் போன ஊர். டெல்டாவில் விளைந்த நெல் படகில் ஏறி, இந்தக் கால்வாய் வழியாக இரங்கூன் ஆலைகளுக்குப் போகும். நெல் போகிற வழியெல்லாம் பணமும் போகும். பணம் போகிற இடத்தில் கணக்குப்பிள்ளை இருப்பார்.

1929-30ஆம் ஆண்டில் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது, பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய். இவற்றில் பல, இரண்டு மூன்று பங்காளிகள் சேர்ந்து நடத்திய கூட்டுக் கடைகள். முதலாளிகள் காரைக்குடிப் பக்கம் இருப்பார்கள். கடையை நடத்துபவர் ஏஜெண்டு. அவருக்குச் சம்பளச் சீட்டு எழுதி, பொதுவாக மூன்று வருடத்துக்கு அனுப்புவார்கள்.

இங்கே ஒரு நல்ல வழக்கத்தைக் கவனியுங்கள். மூன்று வருடம் முடிந்து ஏஜெண்டு ஊர் திரும்பும்போது ஐந்தொகை போடுவார்கள். யார் எவ்வளவு தர வேண்டும், யாருக்கு எவ்வளவு தர வேண்டும், கையிருப்பு எவ்வளவு, லாபம் எவ்வளவு, எல்லாம் ஒரே தாளில் வந்துவிடும். அடுத்து வருபவர் அதைச் சரிபார்த்துத்தான் பொறுப்பேற்பார். கடை மூடவில்லை, ஆனால் மூன்று வருடத்துக்கு ஒரு முறை, மூடுவதற்குத் தயாரான நிலையில் கணக்கு இருந்தது. அந்தக் காலத்துக் கணக்கு முறையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

பிறகு என்ன ஆயிற்று? 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்ப முடியவில்லை. பேரேட்டில் கடனாக இருந்தது நிலமாக மாறியது. பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938 வாக்கில் அது 25 சதவீதம். நிலத்தை இழந்த பர்மிய விவசாயிகளுக்கு அது பெரிய துயரம். கடைக்காரர்களுக்கும் அது லாபம் இல்லை. திரும்பி வர வேண்டிய பணம் அசையாத மண்ணாக நின்றுவிட்டது.

1941 டிசம்பர் 23ஆம் தேதி இரங்கூன் மேல் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. லட்சக்கணக்கானோர் கப்பலிலும் கால்நடையாகவும் கிளம்பினார்கள். துணிமூட்டையை விட்டுவிட்டுப் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவார்கள். சுதந்திர பர்மா 1948ல் நிலத்தை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் போட்டது. நஷ்டஈடு என்று கைக்கு வந்தது சொற்பம். 1963 பிப்ரவரியில் வங்கிகள், 1964 மார்ச்சில் கடைகள், அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. அதன் பிறகு கப்பல் கப்பலாக நம் ஜனங்கள் வந்து இறங்கியது உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கடைகளில் பல மூடப்பட்டன, ஆனால் முடிக்கப்படவில்லை. கதவுக்குப் பூட்டு போட்டது வேறு யாரோ. பங்காளிகள் உட்கார்ந்து கடைசி ஐந்தொகை போடவே இல்லை. ஒரு பங்காளி வழியில் இறந்திருப்பார், ஒருவர் ஊரில் இருப்பார், இன்னொருவர் மலாயாவில் இருப்பார். 'உன் அப்பா எடுத்துக்கொண்டார்', 'உன் தாத்தா மறைத்துவிட்டார்' என்று பேச்சு வார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் உண்டு. பணம் போனது அரசியலால். உறவு போனது, முடிக்காத கணக்கால்.

அவர்களுக்கு வேறு வழி இல்லை. நமக்கு இருக்கிறது. அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1932ஆம் ஆண்டு பங்குடைமைச் சட்டம் வந்தபோது பர்மா இந்தியாவோடு சேர்ந்திருந்தது. 1937ல் பிரிந்தபோதும் அந்தச் சட்டம் அங்கேயே தங்கிவிட்டது. ஆக, இன்று த்வாண்டேயில் இரண்டு பேர் சேர்ந்து பானைக் கடை வைத்தாலும், திருச்சியில் இரண்டு பேர் சேர்ந்து துணிக்கடை வைத்தாலும், சாதாரணக் கூட்டு வியாபாரத்துக்கு அடிப்படை அந்த ஒரே சட்டம்தான்.

கூட்டு எப்போது கலையும்? எல்லோரும் சம்மதித்தால் கலையும். காலக்கெடு போட்டிருந்தால் அது முடிந்ததும் கலையும். வேறு விதமாக எழுதி வைக்காவிட்டால், ஒரு பங்காளி இறந்தாலே கலையும். காலக்கெடு இல்லாத கூட்டு என்றால், ஒருவர் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தாலும் கலையும். வியாபாரமே சட்ட விரோதம் என்று ஆகிவிட்டால் கட்டாயமாகக் கலையும். ஆனால் ஒரே கூட்டுக்கு இரண்டு தனித்தனித் தொழில்கள் இருந்து, ஒன்று மட்டும் தடைபட்டால், மற்றது அதனாலேயே கலைந்துவிடாது. பர்மாவில் ஒரு தொழிலும் வேறு நாட்டில் ஒரு தொழிலும் வைத்திருந்தவர்களுக்கு இந்த ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

கலைவது ஒரு நாளில் நடக்கும். கணக்கு முடிப்பதற்கு மாதங்கள் ஆகும். சொத்தை விற்று வரும் பணத்தை எந்த வரிசையில் கொடுப்பது என்று சட்டமே சொல்கிறது. முதலில் வெளியார் கடன். அடுத்து, பங்காளி முதலுக்கு மேல் கைமாற்றாகக் கொடுத்த பணம். மூன்றாவது, போட்ட முதல். மீதி இருந்தால் லாபப் பங்குப்படி.

ஒரு உதாரணம். அண்ணன் முதல் 3 லட்சம், தம்பி முதல் 1 லட்சம். லாபமும் நஷ்டமும் சரிபாதி என்று பேச்சு. அண்ணன் தனியாக 2 லட்சம் கடையில் கைமாற்று போட்டிருக்கிறார். கடையை மூடி விற்றதில் 9 லட்சம் வந்தது. வெளிக்கடன் 5 லட்சம். அதைக் கொடுத்தால் மீதி 4. அண்ணனுடைய கைமாற்று 2 லட்சத்தைக் கொடுத்தால் மீதி 2. ஆனால் முதல் மொத்தம் 4 லட்சம். ஆகவே நஷ்டம் 2 லட்சம், ஆளுக்கு ஒன்று. அண்ணனுக்கு 3ல் 1 போக 2 லட்சம். தம்பிக்கு 1ல் 1 போக ஒன்றுமில்லை. 'அண்ணன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்' என்று தம்பி வீட்டில் நினைப்பார்கள். தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டால், பத்து வருடம் கழித்து யார் பிள்ளைகள் கேட்டாலும் பதில் அந்தத் தாளில் இருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம். கலைத்ததை ஊருக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவு செய்த கூட்டு என்றால் பதிவாளருக்கு எழுத வேண்டும், அரசிதழிலும் அந்த மாவட்டத்தில் போகிற ஒரு தாய்மொழிப் பத்திரிகையிலும் அறிவிப்புப் போட வேண்டும். அறிவிக்காத வரையில், உங்கள் பழைய பங்காளி கடை பெயரைச் சொல்லிச் சரக்கு எடுத்தால் அந்தக் கடன் உங்கள் தலையிலும் விழும். அடுத்தது, கணக்குக் கேட்டு வழக்குப் போட, கலைந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. 'சொந்தக்காரன்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்பவர்களுக்கு இந்த மூன்று வருடம் தெரியாமலே ஓடிவிடும்.

சரி, இப்போது நம் பிள்ளைகள் தொடங்குவது எது? எல்.எல்.பி. என்று சுருக்கமாகச் சொல்கிற வரையறுத்த பொறுப்புக் கூட்டு. இங்கிலாந்தில் 2000லும், சிங்கப்பூரில் 2005லும், இந்தியாவில் 2008லும் இதற்குச் சட்டம் வந்தது. இதில் கூட்டு என்பது பங்காளிகளிடமிருந்து வேறான ஒரு சட்ட ஆள். கடன் வந்தால் பொதுவாகப் போட்ட முதலோடு போகும்; வீட்டுக்கு வராது. பங்காளி இறந்தாலும் அது சாகாது. அது நல்லதுதான். ஆனால் அதனாலேயே, நீங்கள் மறந்துவிட்டாலும் அது உயிரோடு இருக்கும்.

என்னிடம் இரண்டு சகோதர முறைப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு வருடம் வியாபாரம் செய்து, சரிப்படவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். வியாபாரம் இல்லையே, எதற்குக் கணக்கு என்று விட்டுவிட்டார்கள். இந்தியச் சட்டப்படி எல்.எல்.பி. ஒவ்வொரு வருடமும் மே 30க்குள் 11ஆம் படிவமும், அக்டோபர் 30க்குள் 8ஆம் படிவமும் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும். அப்போது தாமதக் கட்டணம் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய். இரண்டு படிவமும் ஒரு வருடம் தாமதமானால் 73,000 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து சிறிய கூட்டுகளுக்கு இதைக் குறைத்திருக்கிறார்கள். ஆனாலும் நாள் ஏற ஏறக் கட்டணமும் ஏறத்தான் செய்யும். அந்தப் பிள்ளைகள் போட்ட முதலைவிட இந்தக் கட்டணம் பெரிதாக நின்றது. யார் கட்டுவது என்பதில் பெரியப்பா வீடும் சித்தப்பா வீடும் பேசாமல் இருந்தன.

முறையாக மூட என்ன செய்ய வேண்டும்? வரிசையாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில், எல்லாப் பங்காளிகளும் கூடி, மூடுவது என்று எழுத்தில் சம்மதம் போடுங்கள். பாக்கி வர வேண்டியதை வாங்கி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடியுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் ரத்து செய்து, மூன்று மாதத்துக்குள் கடைசிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். வருமான வரிக் கணக்கையும் போடுங்கள். வங்கிக் கணக்கை மூடி, மூடியதற்குச் சான்று வாங்குங்கள்.

அடுத்து, தொழில் நின்ற நிதியாண்டு வரைக்கும் நிலுவையில் உள்ள 8, 11ஆம் படிவங்களைத் தாக்கல் செய்யுங்கள். ஒரு வருடமாவது தொழில் நடக்காமல் இருந்தால்தான் பெயரை நீக்கக் கேட்க முடியும். சொத்தும் இல்லை, கடனும் இல்லை என்று காட்டுகிற கணக்கு அறிக்கையைப் பட்டயக் கணக்கரிடம் சான்று வாங்குங்கள். அது விண்ணப்பிக்கிற நாளில் 30 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. பிரமாணப் பத்திரத்தோடு 24ஆம் படிவத்தைக் கொடுங்கள். 2024 ஆகஸ்டிலிருந்து இந்த விண்ணப்பங்களை ஹரியானாவில் மானேசரில் உள்ள மையம் பார்க்கிறது. ஆட்சேபம் உண்டா என்று ஒரு மாதம் பொது அறிவிப்பு இருக்கும். யாரும் வராவிட்டால் பெயரை நீக்குவார்கள்.

பெயர் நீங்கிய பிறகும் பழைய பொறுப்பு போய்விடாது. மறைத்த கடன் ஏதாவது இருந்தால், பொறுப்புப் பங்காளிகளைத் தேடி வரும். அதனால் கணக்குப் புத்தகங்களை எட்டு வருடமாவது பத்திரப்படுத்துங்கள். கடன் தீர்க்க முடியாத நிலை என்றால் இந்த எளிய வழி பொருந்தாது. தீர்ப்பாயம் மூலம் கலைப்பது என்று தனி வழி இருக்கிறது. அதற்கு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இன்னொன்று: இரண்டு பேர் உள்ள கூட்டில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்று விலகிவிட்டால், மீதி இருப்பவர் தெரிந்தே தனியாக ஆறு மாதத்துக்கு மேல் நடத்தக் கூடாது. நடத்தினால் அதற்குப் பிறகு ஏறுகிற கடனுக்கு அவரே நேரடிப் பொறுப்பு. நம் பிள்ளைகளில் பலர் வெளிநாடு போகிறவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நேயர்களே, கடையை மூடுவதை அவமானமாக நினைக்காதீர்கள். நஷ்டம் வருவது வியாபாரத்தில் சகஜம். பர்மாவிலிருந்து வந்து இறங்கிய நம்மவர்கள் சென்னைக் கடற்கரைச் சாலையில் நடைபாதையில் கடை விரித்து, பர்மா பஜார் என்று பெயர் வாங்கினார்கள். ஒன்று போனால் இன்னொன்று தொடங்கலாம் என்பதற்கு அவர்களே சாட்சி. பங்காளியோடு கடைசியாக ஒரு முறை உட்கார்ந்து, ஐந்தொகை போட்டு, கையெழுத்து வாங்கி, ஒரு டீ குடித்துவிட்டு எழுந்து போங்கள். அடுத்த தீபாவளிக்கு இரண்டு வீட்டுப் பலகாரமும் இரண்டு வீட்டுக்கும் போக வேண்டும்.

உங்கள் வீட்டில் நின்றுபோன கூட்டு ஏதாவது இருந்தால், இந்த வாரமே அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள். அடுத்த உரையில் பதில் சொல்கிறேன்.