மார்க்கை விலைக்கு வாங்கலாம்; படிப்பை வாங்க முடியுமா?

(வியாபாரிகளும் மாணவர்களும் கலந்துகொண்ட கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

பிளஸ் டூ முடிவு வந்தால் நம் வீடுகளில் ஒரே கேள்விதான்: "எத்தனை மார்க்?" கல்லூரிக்குப் போய் ஓராண்டு கழித்து அந்தப் பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று யாராவது கேட்கிறோமா?

ஒரு வியாபாரி தன் மகனை இரண்டாண்டு விடுதிப் பள்ளியில் சேர்த்தார். கடை முதலில் கை வைத்துத்தான் பணம் கட்டினார். பையன் நல்ல மார்க் வாங்கினான். பொறியியல் கல்லூரியில் இடமும் கிடைத்தது. முதல் செமஸ்டரிலேயே நான்கு பாடங்களில் அரியர்! என்னிடம் வந்து சொன்னான்: "ஹஜ்ரத், பள்ளியில் நோட்ஸ் தந்தார்கள், மனப்பாடம் செய்தேன். இங்கே லைப்ரரிக்குப் போய் நீயே படி என்கிறார்கள். எப்படிப் படிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை."

சகோதரர்களே! இது அவன் குற்றமா?

நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்துக்கு விடுதிப் பள்ளிகளால் தமிழகமெங்கும் பெயர் உண்டு. 2007-ல் தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத்தேர்வு ரத்தானது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது நல்ல காரியம். ஆனால் அதன்பின் பிளஸ் டூ மார்க் ஒன்றே எல்லாம் என்றானது. பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டாண்டு உருட்டின. அதைத் தடுக்கத்தான் 2018-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2017-ல் மருத்துவத்துக்கு நீட் வந்ததும் அதே விடுதிகளில் நீட் பயிற்சி தொடங்கியது. பெயர்ப்பலகை மாறியது, பாடம் நடத்தும் முறை மாறியதா?

லாரிக்கு பாடி கட்டும் ஊர் நம்முடையது. பெயின்ட் பளபளப்பைப் பார்த்து வண்டி எடுப்போமா? பாரம் ஏற்றி மலைப்பாதையில் ஓடினால்தானே தெரியும்!

கொடைக்கானலில் என்ன நடக்கிறது?

நம் தமிழகத்திலேயே வேறொரு முறை இருக்கிறது. 1968-ல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் பக்கலோரியட், சுருக்கமாக ஐ.பி. கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியில் 1976-லேயே அது வந்துவிட்டது. இந்தியாவில் இதை முதலில் ஏற்ற பள்ளி அதுதான். நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ வயதில் படிக்கும் இரண்டாண்டுப் படிப்பு.

ஆறு பாடங்கள். அவற்றில் மூன்றை ஆழமாகப் படிக்க வேண்டும். பாடத்துக்கு 7 புள்ளி, ஆக 42. இன்னும் 3 சேர்த்து மொத்தம் 45. அந்த மூன்று புள்ளிகளில்தான் விஷயமே இருக்கிறது.

மாணவன் தானே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, தானே தேடிப் படித்து, 4,000 சொற்களுக்கு மிகாமல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். ஆசிரியர் வழிகாட்டுவார், எழுதித் தரமாட்டார். அடுத்து, 'அறிவு' பற்றியே ஒரு பாடம். ஒரு செய்தி உண்மை என்று உனக்கு எப்படித் தெரியும்? ஆதாரம் என்ன? இதை விவாதிக்கிறார்கள். புள்ளி கிடைக்காவிட்டாலும் கலை, உடற்பயிற்சி, சமூக சேவை ஆகியவற்றிலும் ஈடுபட்டே ஆகவேண்டும். இல்லாவிட்டால் டிப்ளமா கிடையாது.

பல்கலைக்கழகம் மாணவனிடம் எதிர்பார்ப்பது இவற்றைத்தானே? தானாகப் படிப்பது, ஆதாரத்தோடு எழுதுவது, குறித்த நாளில் முடித்துக் கொடுப்பது. கல்லூரிக்குப் போய்த் தடுமாறிக் கற்பதை அந்தப் பிள்ளை பதினேழு வயதிலேயே பழகிவிடுகிறான்.

அதற்காக நம் பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள் என்று சொல்ல வரவில்லை. ஆண்டுக்குப் பல லட்சம் செலவாகும். அதில் படித்தவரும் இங்கே மருத்துவம் சேர நீட் எழுதித்தான் ஆகவேண்டும். ஆனால் அந்த முறையை எடுத்துக்கொள்ளப் பணம் எதற்கு?

நமக்குப் புதிதா இது?

மதரஸாவில் ஓதியவன் என்ற முறையில் சொல்கிறேன். நாளைய பாடத்தை இன்றிரவே நாங்களாகப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு முதாலஆ என்று பெயர். பாடம் முடிந்ததும் மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக் காட்டி, மடக்கிக் கேள்வி கேட்க வேண்டும், அது தக்ரார். ஒரு ஹதீஸ் வந்தால், சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவரை நம்பலாமா என்று சங்கிலியாக விசாரித்தவர்கள் நம் முன்னோர்கள். ஆதாரம் கேட்பதை மார்க்கக் கல்வியாகவே வளர்த்த சமுதாயம், இன்று கைடு புத்தகத்தைக் கேள்வியே கேட்காமல் விழுங்கலாமா?

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மஹல்லாவிலும் பிளஸ் ஒன் படிக்கும் ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் கணக்கெடுங்கள். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் உட்கார இடம் கொடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஆளுக்கொரு கேள்வி கொடுங்கள். நாமக்கல்லில் முட்டை விலை எப்படி நிர்ணயமாகிறது? ஜவ்வரிசி விலை விழுந்தால் மரவள்ளி விவசாயிக்கு என்ன ஆகிறது? சேலத்துக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளிக்குக் கூலி எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஆறு மாதம் விசாரித்துப் பத்துப் பக்கம் எழுதட்டும். தமிழிலேயே எழுதட்டும். பிறகு ஜமாஅத்தார் முன் நின்று, கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

வியாபாரிகளே! உங்களிடம் பணம் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை நோட்டோடு கடைக்கு வந்தால் விரட்டாதீர்கள். பத்து நிமிடம் ஒதுக்கி, கொள்முதல் எப்படி, கடன் எப்படி, நஷ்டம் எப்படி என்று சொல்லுங்கள். கல்லாவில் உட்கார்ந்து நீங்கள் கற்றதும் கல்விதான்.

போராடிப் பெற்ற 3.5 சதவீத இடஒதுக்கீடு 2007 முதல் நம் கையில் இருக்கிறது. அது கல்லூரி வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே போனவன் பாதியில் திரும்பி வந்து கடையில் பொட்டலம் கட்டினால் அந்த இடம் யாருக்குப் பயன்பட்டது? வாசலைத் தாண்டி நடக்கும் பலத்தை வீட்டிலும் மஹல்லாவிலும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம் மார்க்கைக் கேட்காதீர்கள். "இன்று ஆசிரியரிடம் என்ன கேள்வி கேட்டாய்?" என்று கேளுங்கள். அங்கிருந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.