வாங்குபவருக்கும் பலம் உண்டு



2007-ல் இரண்டு இளைஞர்கள் பெங்களூரில் பிளிப்கார்ட் கம்பெனியைத் தொடங்கினார்கள். முதலில் இணையம் வழியாகப் புத்தகம் விற்றார்கள். ஆனால் பலரிடம் வங்கி அட்டை இல்லை. பொருளைப் பார்க்காமல் பணம் கட்டவும் பயம். எனவே 2010-ல் பொருள் வந்த பிறகு பணம் தரும் முறை வந்தது. வியாபாரம் வளர்ந்தது.

2018-ல் அமெரிக்காவின் வால்மார்ட் இதன் பெரும்பங்கை வாங்கியது. சிறு வியாபாரிகள் குறை சொன்னார்கள். 2019 பிப்ரவரியில் அரசின் புதிய விதி வந்தது. அந்நிய முதலீடு உள்ள இணையச் சந்தை, தனக்குப் பங்குள்ள கம்பெனியின் சரக்கை அங்கே விற்கக் கூடாது.

பார்த்தீர்களா? மக்களின் பயமும் அரசின் சட்டமும் பெரிய கம்பெனியையே மாற்றின. நீங்களும் பில்லைப் படித்துப் பாருங்கள். குறை இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.